பிள்ளை பின்தங்குதுன்னு தோணுதா? தமிழ்நாட்டுல எந்தக் கதவை முதல்ல தட்டணும்: முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு ஏதோ சரியில்லன்னு தோணுனதும் நம்ம ஆளுங்க முதல்ல யூடியூப்பத் திறப்பாங்க, அடுத்து ஏதாவது ஒரு பிரைவேட் தெரபி சென்டர்ல போய் மாசப் பேக்கேஜ் கட்டிடுவாங்க. அரசு பக்கம் என்ன இருக்குன்னு பாதி பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களுக்கும் "அங்கெல்லாம் யாரு போய் நிக்கிறது"ன்னு சலிப்பு. ஆனா உதவி இருக்கு, நெறையவே இருக்கு, எல்லாம் ஒரே எடத்துல இல்லங்கறதுதான் பிரச்சனை. தெரபி சுகாதாரத்துறைல, மாச உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறைல, ஸ்கூல் விஷயம் பள்ளிக்கல்வித்துறைல, வீட்ல சம்பாதிக்கிற ஆளே இல்லன்னா குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல, இன்சூரன்ஸ் டெல்லில இருக்கற நேஷனல் டிரஸ்ட்ல. இந்த ஆபீஸ்ல இருக்கறவருக்கு அந்த ஆபீஸ்ல என்ன தர்றாங்கன்னே தெரியாது, நாமதான் ஃபைலத் தூக்கிட்டு அலையணும், அப்படி அலையறப்ப எதை முதல்ல பண்றோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. அக்கா பையனுக்காக இந்த ஆபீஸுங்களுக்குப் போய்ப் பழகி, அப்புறம் தெருவுல சொந்தத்துல யாருக்கு இப்படின்னாலும் கூடப் போறது வழக்கமாயிடுச்சு. அப்படிப் பார்த்ததுல ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வந்தப்புறம்தான் மத்ததெல்லாம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது தப்பு. தெரபிக்கு சர்டிபிகேட் வேண்டாம், பணத்துக்கும் சலுகைக்கும்தான் அது வேணும். தெரபிய உடனே ஆரம்பிக்கணும், பேப்பர் வேலை பின்னாடியே வரட்டும்.

1. சந்தேகத்தை எழுதி வைங்க

ரெண்டு மாசத்துல முகம் பார்த்து சிரிக்கணும், நாலஞ்சு மாசத்துல கழுத்து நிக்கணும், எட்டு ஒன்பது மாசத்துல தானா உக்காரணும், ஒன்றரை வயசுக்குள்ள நடக்கணும், அதே வயசுல ஒண்ணு ரெண்டு வார்த்தையாவது வரணும், ரெண்டு வயசுல "அம்மா வா", "பால் குடு"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்து சொல்லணும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்தான், ஆனா ரொம்பத் தள்ளிப் போனா பார்க்கணும். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, கண்ணப் பார்க்கல, வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டல, பேசிட்டு இருந்த பிள்ளை திடீர்னு பேச்ச நிறுத்திடுச்சுன்னா ஒரு நாள்கூட யோசிக்காதீங்க, குறிப்பா அந்தக் கடைசி விஷயம்.

இங்கதான் வீட்ல பெரியவங்க வருவாங்க. "இவங்க அப்பன் மூணு வயசுலதாண்டி பேசுனான், இப்ப வாய மூட மாட்டேங்குறான்"னு மாமியார் சொல்லுவாங்க. அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, சண்ட போடாதீங்க, "ஆமாங்கத்தே, எதுக்கும் காது நல்லா கேக்குதான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறோம்"னு சொல்லிட்டுக் கெளம்புங்க. காது டெஸ்ட்னா யாரும் தடுக்க மாட்டாங்க, உண்மையிலயே பேச்சு வராத பிள்ளைக்கு முதல்ல பார்க்க வேண்டியதும் காதுதான்.

போறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு மூணு வீடியோ எடுத்து வச்சுக்குங்க. சாப்பிடும்போது, விளையாடும்போது, கூப்பிட்டுத் திரும்பாதபோது, அடம் பிடிக்கும்போது. ஆஸ்பத்திரில போனதும் பிள்ளை ஒண்ணு மெரண்டு போய் அமைதியா இருக்கும், இல்ல அழுதே தீர்க்கும், ரெண்டுலயும் டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. வீடியோ இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

2. முதல் கதவு: டிஇஐசி

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்னு போர்டு இருக்கும், ஆஸ்பத்திரில எல்லாரும் டிஇஐசின்னுதான் சொல்லுவாங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயோ அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயோ இருக்கும். 2013ல மத்திய அரசு ஆர்பிஎஸ்கேன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, பொறந்ததுலேர்ந்து 18 வயசு வரைக்கும் பிள்ளைங்கள ஸ்க்ரீன் பண்ற திட்டம், அதோட மாவட்ட மையம்தான் இது. அதுக்குன்னு ஒரு மொபைல் டீம் அங்கன்வாடிக்கு வருஷத்துல ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரணும். உங்க ஊர் அங்கன்வாடி டீச்சர்கிட்ட "டீம் எப்ப வருது டீச்சர்"னு கேட்டு அன்னிக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனா அவங்களே சீட்டு எழுதி டிஇஐசிக்கு அனுப்புவாங்க. டீம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, நேரா ஆஸ்பத்திரில குழந்தைகள் ஓபி சீட்டு போட்டு, டாக்டர்கிட்ட "டிஇஐசிக்கு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாலும் போதும்.

அங்க குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்க, பிசியோதெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட், சிறப்புக் கல்வி டீச்சர்னு எல்லாரும் ஒரே எடத்துல இருக்கணும்ங்கறதுதான் திட்டம். எல்லா ஊர்லயும் எல்லாப் போஸ்ட்டும் நிரம்பி இருக்காது, அதையும் சொல்லிடணும். இருக்கறவங்க எந்தக் கெழமைல இருக்காங்கன்னு முதல் நாளே கேட்டு எழுதி வச்சுக்குங்க, இல்லன்னா பஸ் காசு வீணாப் போகும்.

அசெஸ்மென்ட் அன்னிக்கு என்ன நடக்கும்னு சொல்றேன், தெரிஞ்சா பயம் கொறையும். தரைல பாய் விரிச்சிருக்கும், கலர் கட்டை, பந்து, படப் புத்தகம் கெடக்கும். தெரபிஸ்ட் மேடம் பிள்ளைகிட்ட எதுவும் பேசாம கட்டைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டு இருப்பாங்க, பிள்ளை பார்க்குதான்னு ஓரக்கண்ணால கவனிப்பாங்க. பின்னாடி ஒருத்தங்க மணி ஆட்டுவாங்க, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. நடுவுல அம்மா பதறிப் போய் "வீட்ல எல்லாம் பண்ணுவான் மேடம், இங்கதான் பண்ண மாட்டேங்குறான், டேய் கண்ணா, ஆன்ட்டிக்கு ஏ பி சி டி சொல்லிக் காட்டுடா"ம்பாங்க. அதப் பண்ணாதீங்க. இது பரீட்சை இல்ல, மார்க் வாங்கிக் குடுத்தா ஒரு லாபமும் இல்ல. பிள்ளையால எது முடியலங்கறது தெரிஞ்சாத்தான் எதைச் சொல்லிக் குடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

காது டெஸ்ட்டுல பெராங்கற டெஸ்ட் பிள்ளை தூங்கும்போது எடுப்பாங்க, அதனால அன்னிக்கு வழியில பஸ்ல தூங்க விட்டுடாதீங்க. காது கேக்கலன்னு வந்தாலும் ஒடிஞ்சு போக வேண்டாம், காதுக்குள்ள கருவி வைக்கற காக்ளியர் ஆபரேஷன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துலயே வருது, ஆனா 6 வயசுக்குள்ள இருக்கணும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனாலதான் காது, காதுன்னு அடிச்சுக்கறேன்.

டிஇஐசி தவிர வேற எடங்களும் இருக்கு. சென்னைப் பக்கம்னா ஈசிஆர்ல முட்டுக்காட்டுல நீப்மெட்னு மத்திய அரசு நிறுவனம், ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்கற பிள்ளைங்களுக்காகவே ஆரம்பிச்சது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், 1981லேர்ந்து இருக்கு, அவங்க ஆளுங்க கிராமத்துக்கே வந்து வீட்ல வச்சு சொல்லிக் குடுக்கறாங்க. இப்ப மாற்றுத்திறனாளிகள் நலத்துறைல உரிமைகள் திட்டம்னு உலக வங்கிப் பணத்துல ஒண்ணு நடக்குது, அதுல விழுதுகள்ங்கற பேர்ல ஒருங்கிணைந்த சேவை மையம் தொறந்துட்டு வர்றாங்க, உங்க பக்கத்துல வந்திருக்கான்னு விசாரிங்க, வந்திருந்தா தெரபிக்காக மாவட்டத் தலைநகர் வரைக்கும் போற அலைச்சல் மிச்சம்.

3. தெரபி வாரத்துல ரெண்டு நாள், வீடு ஏழு நாளும்

அரசு மையத்துல வாரம் ஒண்ணு ரெண்டு செஷன் கெடைச்சாலே பெரிசு, அதுவும் அரை மணி முக்கால் மணி. பத்தாதுதான். ஆனா செஷன் முடிஞ்சதும் "இந்த வாரம் வீட்ல என்ன பண்ணணும் மேடம்"னு கேட்டு நோட்டுல எழுதி வாங்கிட்டு வந்து பண்றவங்க வீட்லதான் மாற்றம் தெரியுது, நான் பார்த்த வரைக்கும். பெரிய சாமானெல்லாம் வேண்டாம். பிஸ்கட்ட இறுக்கமா மூடுன கண்ணாடி டப்பால போட்டு எட்டுற எடத்துல வைங்க, பிள்ளை எடுத்துட்டு வந்து உங்க கைல குடுக்கும், உடனே தொறந்து குடுத்துடாதீங்க, முகத்தப் பார்த்து "தொற"ன்னு சொல்லிட்டு அஞ்சு பத்து செகண்ட் சும்மா இருங்க. அது ஒரு சத்தம் குடுத்தாலும் சரி, கண்ணப் பார்த்தாலும் சரி, உடனே தொறந்துடுங்க. குளிக்க வைக்கும்போது சொம்பத் தூக்கிட்டு "ஊத்தவா?"ன்னு கேட்டு நிறுத்துங்க. இப்படி ஒரு நாள்ல வீட்டு வேலையோட வேலையா அம்பது தடவை நடக்கும், எந்த சென்டரும் அத்தனை தடவை பண்ண முடியாது. போனக் கைல குடுத்து சோறு ஊட்டறத மட்டும் நிறுத்துங்க, சாப்பிடற நேரம்தான் பேச்சுக்கு நல்ல நேரம்.

பிரைவேட் சென்டர் போறீங்கன்னா ஒண்ணு கேளுங்க, பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வியோ குடுக்கறவங்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு நம்பர் இருக்கணும், ஆர்சிஐ நம்பர்னு சொல்லுவாங்க. கேட்டா கோவப்படற எடத்துல காசு கட்டாதீங்க. "ஆறு மாசத்துல நார்மல் ஆக்கிடறோம்"னு சொன்னா அங்கேயே எழுந்து வந்துடலாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசின்னு லட்சக்கணக்குல புடுங்கறாங்க, அத ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாதுன்னு தேசிய மருத்துவ ஆணையமே 2022ல சொல்லிடுச்சு. நிலத்த வித்து அந்த ஊசி போட்ட குடும்பம் எனக்குத் தெரியும், அந்தப் பணத்துல ஒரு தெரபிஸ்ட்டுக்கு வருஷக்கணக்குல சம்பளம் குடுத்திருக்கலாம்.

4. இப்ப பேப்பர் வேலை: யுடிஐடி

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு இருக்கு, பழைய சட்டத்துல 7தான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு எல்லாம் இப்ப உள்ள வந்துடுச்சு. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை கெடைக்கும்.

யுடிஐடிங்கறது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அதுக்கு ஸ்வாவலம்பன் கார்டுங்கற மத்திய அரசு வெப்சைட்ல அப்ளை பண்ணணும், இ-சேவை மையத்துலயும் போட்டுக் குடுப்பாங்க. பிள்ளையோட ஆதார், போட்டோ, விலாசச் சான்று, கையெழுத்து இல்லன்னா கைரேகை, அவ்வளவுதான். போட்டு முடிச்சதும் ஒரு நம்பர் வரும், அத பத்திரமா வச்சுட்டு மருத்துவ போர்டு உக்காருற நாள் தெரிஞ்சுட்டுப் போகணும். ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒவ்வொரு கெழமை, ஆஸ்பத்திரிலயோ கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயோ கேட்டா சொல்லிடுவாங்க. காலைல சீக்கிரம் போங்க, பிள்ளைக்கு சாப்பாடு, மாத்து டிரஸ், பிடிச்ச பொம்மை எடுத்துட்டுப் போங்க. கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளைன்னா அத டோக்கன் குடுக்கறவர்கிட்ட மெதுவா சொல்லுங்க, பல எடத்துல முன்னாடி விட்டுடறாங்க.

சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எடுத்து ஸ்கோர் போட்டு, அத வச்சுத்தான் சதவீதம் வரும். சின்ன வயசுல குடுக்கற சான்று பெரும்பாலும் தற்காலிகமாத்தான் இருக்கும், தேதி முடியறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புதுப்பிக்க அலைய ஆரம்பிங்க, ஏன்னா சான்று காலாவதியானா உதவித்தொகையும் நின்னுடும்.

சில வீட்ல "சர்டிபிகேட் வாங்குனா பிள்ளைமேல முத்திரை குத்துன மாதிரி ஆயிடும், நாளைக்கு தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கணும்"னு தயங்குவாங்க. அந்தப் பயத்தக் கேலி பண்ண மாட்டேன், நம்ம ஊர் அப்படித்தான் இருக்கு. ஆனா சான்று உங்க பீரோக்குள்ளதான் இருக்கப் போகுது, காட்ட வேண்டிய எடத்துல மட்டும் காட்டலாம், யாரும் வாசல்ல ஒட்டச் சொல்லல.

ஃபைல் பத்தி ஒரு வார்த்தை. ஒரிஜினல் எதையும் லேமினேட் பண்ணாதீங்க, சில ஆபீஸ்ல சீல் வைக்கணும்னு கேப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ஜெராக்ஸ், பிள்ளை போட்டோ பத்து, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு, வருமானச் சான்று. எல்லா ஓபி சீட்டையும் தேதி வாரியா அடுக்குங்க. போன்ல போட்டோ எடுத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்ல நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் இருந்து போட்டு வச்சுட்டா எந்த ஊர்ல இருந்தும் பிரிண்ட் எடுத்துக்கலாம்.

5. பணம்

மாச பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபா. அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல, கடுமையான உடல் குறைபாடு 75 சதவீதத்துக்கு மேல, தசைச் சிதைவுன்னு சில வகைக்குத் தருவாங்க. 2023 ஜனவரிக்கு முன்னாடி 1,500 தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பிக்கணும். சான்றுல எந்த வகைன்னு எழுதியிருக்கோ அதுதான் இங்க பேசும், அதனால போர்டு அன்னிக்கே பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருந்தா அதையும் பதிவு பண்ணியிருக்காங்களான்னு பார்த்துக்குங்க. வருவாய்த்துறைல தர்ற பென்ஷன் வேற, அதையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. ஸ்கூல் போற பிள்ளைக்கு கல்வி உதவித்தொகையும் இதே ஆபீஸ்லதான்.

அடுத்து நிராமயா, நேஷனல் டிரஸ்ட்டோட ஹெல்த் இன்சூரன்ஸ், இது நெறைய பேருக்குத் தெரியாத நல்ல விஷயம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கு மட்டும். வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர், வயசு வரம்பு இல்ல, முன்னாடி மருத்துவ டெஸ்ட் எதுவும் இல்ல. முக்கியமா தெரபி பில்லுக்கும் ஓபி செலவுக்கும் ஒரு அளவு வரைக்கும் பணம் திரும்பக் கெடைக்கும், சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ்ல அதெல்லாம் கேக்கவே முடியாது. சேர்றதுக்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ 250 ரூபா, மத்தவங்களுக்கு 500. நேஷனல் டிரஸ்ட்ல பதிவு பண்ணுன தொண்டு நிறுவனம் மூலமாப் போடணும், உங்க மாவட்டத்துல எதுன்னு நல அலுவலகத்துல சொல்லுவாங்க. பில்ல உடனுக்குடனே அனுப்பணும், சேர்த்து வச்சு வருஷக் கடைசில அனுப்புனா திருப்பிடுவாங்க.

பயணம்: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற துணைக்கும் இலவசம். ரயில்ல அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் துணைக்கு வர்றவங்களுக்கும் ஸ்லீப்பர்ல 75 சதவீதம் சலுகை. ரயிலுக்கு யுடிஐடி மட்டும் காட்டுனா போதாது, ரயில்வே படிவத்துல டாக்டர் கையெழுத்து வாங்கி முதல்ல பதிவு பண்ணணும்.

6. ஸ்கூல்

"எங்க ஸ்கூல்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வசதி இல்ல மேடம், நீங்க ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்களேன்"னு சிரிச்ச முகத்தோட அனுப்புவாங்க. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் அப்படி சொல்லவே கூடாது, 40 சதவீதத்துக்கு மேல குறைபாடு இருக்கற பிள்ளைக்கு 6லேர்ந்து 18 வயசு வரைக்கும் பக்கத்துப் பள்ளிலயோ, விரும்புனா சிறப்புப் பள்ளிலயோ இலவசமாப் படிக்க உரிமை இருக்குன்னு 2016 சட்டத்தோட 31வது பிரிவு சொல்லுது. எதுல சேர்க்கறதுன்னு பெத்தவங்கதான் முடிவு பண்ணணும், ஹெட்மாஸ்டர் இல்ல. டிசி இல்லன்னு சொல்லியும் தட்டிக் கழிக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்துல தெளிவா இருக்கு. பிரைவேட் பள்ளில எல்கேஜி, ஒண்ணாம் வகுப்புல கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கற 25 சதவீத இலவச இடத்துக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல வருவாங்க, வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க, அட்மிஷன் எப்ப திறக்குதுன்னு மட்டும் கண்ணு வச்சுக்குங்க.

சேர்த்ததுக்கப்புறம் கேக்க வேண்டிய ஆள் வட்டார வளமையத்துல இருக்கற சிறப்புப் பயிற்றுநர். பிஆர்சின்னு சொன்னா ஸ்கூல்ல எல்லாருக்கும் புரியும். ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஒண்ணு இருக்கும், அங்க சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் இருப்பாங்க, பள்ளிக்கு முறை வச்சு வருவாங்க. வீல்சேர், காலிப்பர், காது மிஷின் எல்லாம் இவங்க நடத்தற கேம்ப்ல அளவெடுத்துத் தருவாங்க. ஸ்கூலுக்கே வர முடியாத நெலமைல இருக்கற பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்கற ஏற்பாடும் உண்டு, போக்குவரத்துப் படி, துணையாள் படி, பெண் பிள்ளைக்கு மாசம் 200 ரூபா ஊக்கத்தொகைன்னு சின்னச் சின்னதா இருக்கு, கேக்காதவங்களுக்கு யாரும் கூப்பிட்டுத் தர மாட்டாங்க. அந்தப் பயிற்றுநர் ஒருத்தரே பத்துப் பதினஞ்சு பள்ளிக்கு ஓடிட்டு இருப்பாரு, அதனால வந்த அன்னிக்கு உங்க பிள்ளைக்கு இந்த மாசம் ஒரே ஒரு இலக்கு என்னன்னு பேசி வச்சுக்குங்க. பென்சில் பிடிக்கறதா, பாத்ரூம் போகணும்னு கேக்கறதா, வரிசைல நிக்கறதா, ஏதோ ஒண்ணு. கிளாஸ் டீச்சரையும் அந்தப் பேச்சுல சேர்த்துக்குங்க, அவங்கதான் நாள் பூராவும் இருக்கறவங்க.

அடிக்கறது, மத்த பிள்ளைங்க முன்னாடி அவமானப்படுத்தறது ரெண்டும் கல்வி உரிமைச் சட்டத்துல தடை. பள்ளிக்கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417.

7. நல்லாப் பேசுறான், ஆனா எழுத்து மட்டும் வர மாட்டேங்குது

இது தனி வகை. கதை சொன்னா வரி விடாம திருப்பிச் சொல்லும், கணக்கு மனசுல போடும், ஆனா நோட்டுல எழுத்து தலைகீழா நிக்கும், ஒரே வார்த்தைய ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதும். இத சோம்பேறித்தனம்னு சொல்லி அடிச்சே பாதிப் பிள்ளைங்கள படிப்ப விட்டுத் தொரத்திட்டோம். முதல்ல கண்ணும் காதும் பார்த்துடுங்க. கற்றல் குறைபாட்டு சான்று பொதுவா 8 வயசுக்கு மேலதான் குடுப்பாங்க, அதுக்காக அது வரைக்கும் கையக் கட்டிட்டு உக்கார வேண்டாம், ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பழக்கற பயிற்சிய முன்னாடியே ஆரம்பிக்கலாம். சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ரொம்ப வருஷமா இதுலயே இருக்காங்க, டீச்சர்களுக்கும் பயிற்சி தர்றாங்க.

பத்தாவது, பன்னெண்டாவது பொதுத்தேர்வுல சலுகை உண்டு: ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதறவர், ஒரு மொழிப்பாட விலக்குன்னு பிள்ளையோட தேவையப் பொறுத்து. ஹெட்மாஸ்டர் வழியா முதன்மைக் கல்வி அலுவலகம் போய் தேர்வுத்துறை உத்தரவு வரணும். இத டிசம்பர்ல ஆரம்பிச்சா தலைவலி, ஒன்பதாவது முடிச்ச லீவுலயே மருத்துவச் சான்ற புதுசா வாங்கி, பத்தாவது ஸ்கூல் தொறந்த முதல் மாசமே விண்ணப்பத்தக் குடுத்து அதுக்கு ஒரு ஒப்புகை வாங்கிடுங்க. எழுதறவரோட பழக்கம் வேணும், காலாண்டு அரையாண்டுலயே அந்த ஏற்பாட்டக் கேளுங்க, நேரா பொதுத்தேர்வுல போய் முதல் தடவையா ஒருத்தர்கிட்ட சொல்லி எழுத வைக்கறது பெரியவங்களுக்கே கஷ்டம்.

8. வளந்த பிள்ளை பேசாம ஆயிட்டா

நல்லா இருந்த எட்டாவது ஒன்பதாவது பிள்ளை ஸ்கூல் போக மாட்டேங்குது, தூங்கல, சாப்பிடல, கைல கீறல் தெரியுதுன்னா வயசுக் கோளாறுன்னு விடாதீங்க. 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, நட்புடன் உங்களோடுங்கற மனநலச் சேவை, காசு கெடையாது. அரசு மருத்துவ ஹெல்ப்லைன் 104லயும் கவுன்சிலர் உண்டு. பிள்ளை பேசலன்னா நீங்க பேசுங்க, பெத்தவங்களும் கூப்பிடலாம். மாவட்ட ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருப்பாரு.

யாராவது தப்பா நடந்துக்கிட்டதா பிள்ளை சொன்னா முதல்ல நம்புங்க, திரும்பத் திரும்பக் கேட்டுத் தொளைக்காதீங்க. குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணுங்க. போக்சோ சட்டத்துல போலீஸ் பிள்ளையோட வீட்லயோ, பிள்ளை சொல்ற எடத்துலயோ வந்துதான் வாக்குமூலம் வாங்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்ஐ, யூனிஃபார்ம் போடாம. ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வைக்கவே கூடாது. இது தெரியாமத்தான் பல பேர் "ஸ்டேஷனுக்கெல்லாம் பொண்ணக் கூட்டிட்டுப் போக முடியுமா"ன்னு மறைச்சுடறாங்க.

9. வீடே ஆட்டம் கண்டா

அப்பா இறந்துட்டாரு, இல்ல விட்டுட்டுப் போயிட்டாரு, இல்ல பெரிய வியாதில படுத்துட்டாரு, அம்மா ஒத்தையா. இந்த மாதிரி வீட்ல பிள்ளைய ஹாஸ்டல்லயோ இல்லத்துலயோ விடறதுதான் ஒரே வழின்னு நெனைக்காதீங்க. பிள்ளை குடும்பத்தோட இருக்கறதுக்குத்தான் முதல் உரிமை, இல்லம் கடைசி வழின்னு 2015 இளைஞர் நீதிச் சட்டமே சொல்லுது. மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா நிதி ஆதரவு உண்டு, வருஷ வருமானம் கிராமத்துல 72,000, டவுன்ல 96,000க்குள்ள இருக்கணும். போக வேண்டிய எடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நம்ம ஊர்ல டிசிபியூம்பாங்க. வீட்டுக்கு வந்து விசாரிச்சு, குழந்தைகள் நலக்குழு முன்னாடி வச்சு, கமிட்டில முடிவாகும். ஒதுக்கீடு அளவுதான்ங்கறதால காத்திருக்க வேண்டி வரும், அதனால இன்னிக்கே மனு குடுங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து தமிழக அரசு அன்புக் கரங்கள்னு, ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருத்தர இழந்து இன்னொருத்தரால பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் 18 வயசு வரைக்கும் மாசம் 2,000 தர்றாங்க, அதையும் கேளுங்க.

அம்மாவப் பத்தியும் சொல்லணும். இந்தப் பிள்ளைங்களப் பார்த்துக்கற அம்மாங்க வருஷக்கணக்கா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கியிருக்க மாட்டாங்க. டிஇஐசி போற அன்னிக்கு அவங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டு ரத்தம், தைராய்டு பாருங்க. வாரத்துல ஒரு பொழுது அப்பாவோ அத்தையோ சித்தியோ பிள்ளையப் பார்த்துக்கணும், அத நாள் குறிச்சு வச்சுக்குங்க, "முடிஞ்சா பார்க்கலாம்"னா நடக்காது. கூடப் பொறந்த பிள்ளைக்கும் தனியா நேரம் வேணும், "அவன் பாவம் விட்டுக் குடு"ன்னே வளர்ற பிள்ளை உள்ளுக்குள்ள கருகும்.

10. ஃபைல் நகரலன்னா

வாயால கேட்டா மறந்துடுவாங்க, எழுதிக் குடுங்க, நகல்ல சீல் வாங்குங்க. அதுக்கும் அசையலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு போடுங்க, மாற்றுத்திறனாளிகள கியூல நிக்க வைக்காம தனியாக் கூப்பிடறது பல மாவட்டத்துல வழக்கம். 1100ல முதலமைச்சர் ஹெல்ப்லைன் இருக்கு, மனு நம்பர் வரும், அத வச்சு விடாமக் கேக்கலாம். கோவமா எழுதாதீங்க, என்னிக்கு மனு குடுத்தோம், என்னிக்கு வரச் சொன்னாங்க, இப்ப என்ன நெலம, மூணு வரி போதும்.

பிள்ளைக்கு 17 ஆகும்போது இன்னொரு வேலை இருக்கு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தா 18 முடிஞ்சதும் சட்டப்படி பெத்தவங்க கையெழுத்து தானா செல்லாது, பேங்க்லயும் சொத்துலயும் மாட்டிக்குவீங்க. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமைல ஒரு உள்ளூர்க் குழு இருக்கு, அங்க சட்டப்பூர்வ காப்பாளர் சான்றுக்கு மனு குடுக்கணும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயே ஃபாரம் கெடைக்கும், அந்தக் குழு எப்பக் கூடுதுன்னு அங்கேயே கேட்டுக்குங்க, மாசா மாசம் கூடாது.